இரண்டு சாம்பல் நிறக் கோட்டுகள்

போரிட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகளின் தலைநகரங்களிலும், ஒரே செவ்வாய்க்கிழமை காலை, ஒரே நேரத்தில், தையற்காரரின் மனைவி உட்கார்ந்து தேநீர் குடித்தாள். இரண்டு இடத்திலும் சர்க்கரை வேண்டாம் என்றாள்.

வெளியுறவு அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை நாற்காலி போடுவது. மாநாடுகளில் தன் நாட்டு நாற்காலி இரண்டு வல்லரசுகளுக்கும் சரிசமமான தூரத்தில் இருக்கவேண்டும். அதற்காகக் கணவரின் கடையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப்போவாள். விரற்கடை பிசகினாலும் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். இருபது வருஷம் அளந்தபின் ஒருநாள் நாடாவைத் திருப்பிக் கொடுத்தாள். "நடுவுல நிக்கிறோம்னு ரெண்டு பேருக்குமே தூரமா நின்னுட்டோங்க. இனிமே ரெண்டு பேர் பக்கத்துலயும் நிக்கணும்." அவள் மேலே வரவர நாடும் அப்படியே நின்றது. ஒருவரிடம் எண்ணெய் வாங்கியது, அவருடைய எதிரியிடம் விமானம் வாங்கியது. மதில்மேல் பூனை என்று ஏசியவர்களே விருந்துக்கும் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் அந்தப் போர் வந்தது. எல்லை நகரத்து மருத்துவமனையில் எங்கள் நாட்டு நர்சுகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். தையற்காரரின் மகளும் அதில் ஒருத்தி. ஆறு மணி நேரம் குண்டு நின்றால் போதும். முதலில் அவன் நிறுத்தட்டும் என்றார்கள் இரண்டு பக்கத்தாரும். ஒரே நிமிஷத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கவேண்டும்.

"ரெண்டு தோணியில கால் வெச்சா கவுந்துடும்மா" என்றார் மேலதிகாரி.

"தோணிக்கு ஒருத்தியா போறேன், சார்."

அன்று அவள் ஒரே அளவில் இரண்டு கோட்டு கேட்டாள். "எதுக்கு ரெண்டு?" என்றார் தையற்காரர். "அங்கயும் குளிரு, இங்கயும் குளிரு." அடையாளத்துக்கு ஒன்றின் கழுத்துக்குள் சிவப்பு நூலும், மற்றதில் நீல நூலும் ஓட்டினார்.

செவ்வாய் காலை இரண்டு கையெழுத்தும் ஒரே நிமிஷத்தில் விழுந்தன; மதியம் பேருந்துகள் வெளியே வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். ஆறு மணி நேரம் முடிந்து ஏழாவது நிமிஷத்தில் ஒரு தலைநகரத்தின் விமான நிலையச் சாலையில் குண்டு விழுந்தது. வியாழனன்று சவப்பெட்டி வந்தது, உள்ளே நீல நூல் கோட்டு. அடக்கத்தில் இரண்டு நாட்டுத் தூதர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தூரம் அளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிவப்பு நூல் கோட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தையற்காரரின் மனைவியே தண்ணீர் கொடுத்தாள். அவர்களும் வாங்கிக் குடித்தார்கள்.

எல்லோரும் போனபின் தையற்காரர் நீல நூல் கண்டைப் பார்த்துக் கேட்டார்: "அவ பயந்தாளா?"

"கையெழுத்து வாங்குற வரைக்கும் அதுக்கு நேரமில்லைங்க" என்றாள். பிறகு, "பட்டன் ஒண்ணு ஆடுது."

தைத்துக் கொடுத்தார். பின்பு சாம்பல் நிறத் துணியை விரித்து, இன்னொரு கோட்டுக்கு வெட்ட ஆரம்பித்தார். நீல நூல் கண்டு மேசைமேலேயே இருந்தது. அளவு எடுக்கவேண்டியிருக்கவில்லை.