இளித்த பித்தளை

ஆய்வுக்கூடத்தில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ஈயக்காரி. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. பெயர் பொருத்தம்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தண்ணீரில் கலந்து வரும் ஈயத்தையும், அது குழந்தைகளின் உடம்புக்குள் போய்ச் செய்கிற அக்கிரமத்தையும்தான் துரத்திக்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் நுரை வந்தால் ஊரே கத்தும். நாற்றம் அடித்தால் மறியல் செய்யும். ஈயத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தெளிந்த தண்ணீரில் கமுக்கமாக வந்து குழந்தையின் எலும்பிலும் மூளையிலும் குடியேறிவிடும். காய்ச்சல் வராது, வாந்தி வராது. சில வருடம் கழித்து, "இவனுக்குப் படிப்பு ஏறலை" என்று வாத்தியார் சொல்வார். பழி குழந்தை தலையில் விழும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை என் கையில் சிக்கியது நகராட்சி நடத்தும் குழந்தைகள் காப்பகம். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போகும் இடம். பழைய இரும்பு பைப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் பைப் பதித்திருந்தார்கள். சமையலறையிலும் கை கழுவும் இடத்திலும் பளபளவென்று புதுப் பித்தளைக் குழாய்கள். காப்பகம் திறந்த இந்தச் சில மாதங்களாகக் குழந்தைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். காப்பகத்துக்கு நிரந்தர உரிமம் வாங்க எங்கள் ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் வேண்டும். அதில் விழ வேண்டியது என் கையெழுத்து.

மாதிரி எடுக்கும்முன் குழாயைத் திறந்து தண்ணீரைச் சற்று நேரம் ஓடவிட வேண்டும் என்பது விதி. அதை எழுதியவர் குழந்தை வளர்த்தவராக இருக்க முடியாது. இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கி ஈயத்தில் ஊறிய தண்ணீர் முதலிலேயே போய்விடும். பிறகு வருவதெல்லாம் நல்ல பிள்ளை. காலையில் பசித்து அழும் குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிற ஆயா, ஓடவிட்டுக் காத்திருந்தா கரைக்கிறாள்?

அதனால் ஒருநாள் காலையில் காப்பகத்தின் கதவைத் திறந்தவுடன், யாரும் குழாயைத் தொடும்முன் நான் போய் நின்றேன். முதலில் விழுந்த தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்தேன். ஓடவிட்டு இன்னொரு புட்டி. மறுநாள் குழாயைக் கழற்றிவிட்டு, பைப்பிலிருந்தே நேராக ஒரு புட்டி. பைப்பில் வந்ததில் ஒன்றுமில்லை. ஓடவிட்டதிலும் ஒன்றுமில்லை. முதல் தண்ணீரில் மட்டும் ஈயம் வரம்பைப் போல நாலு மடங்கு இருந்தது. இயந்திரத்தை நம்பாமல் மறுபடியும் போய்ப் பிடித்துவந்தேன். அதே கதை. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். இளிக்காமல் என்ன செய்யும்? மலிவுப் பித்தளையின் வயிற்றுக்குள்ளேயே ஈயம் இருக்கிறது.

எங்கள் இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உபதேசம் வரும்.

"மேடம், விதியில என்ன இருக்கு? ஓடவிட்டு எடுன்னு இருக்கு. அந்த ரிசல்ட்டைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"குழந்தைங்க ஓடவிட்டா சார் குடிக்குது?"

"நீங்க தண்ணிய ஓடவிடலைன்னா மேல இருக்கிறவங்க உங்களை ஓடவிட்டுடுவாங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வீட்டில் சொன்னேன். என் கணவர் தபால்காரர். எதையும் நிதானமாகத்தான் பட்டுவாடா செய்வார்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை ஊர் மாத்திட்டாங்க. அந்த பீரோவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு."

"இப்ப என்னங்கிறீங்க? கையெழுத்துப் போடவா?"

"யாரு போடச் சொன்னா? இந்தத் தடவை பீரோவை வித்துட்டுக் கிளம்பலாம்னு சொல்ல வந்தேன்."

அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காப்பகத்தில் பெற்றோர் கூட்டம். பெரியவர்களுக்கு நாற்காலி இல்லாததால், எல்லோரும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லித்தான் இயக்குநர் என்னைக் கூட்டிவந்திருந்தார். சான்றிதழ் என் பக்கத்திலேயே, பேனாவோடு, காத்திருந்தது.

"தண்ணியில ஈயம்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க" என்றார் அவர். "சரி, இருக்குன்னே வச்சுக்குவோம். நம்ம வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கெல்லாம் ஈயம் பூசித்தானே சமைச்சாங்க? அதைச் சாப்பிட்டு வளர்ந்தவங்கதானே நாம? யாராவது செத்தா போனோம்?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. எந்த ஈயம் என்று கேட்காதீர்கள். எழுந்துவிட்டேன்.

"சார், பாத்திரத்துக்குப் பூசுறது வெள்ளீயம். இந்தத் தண்ணியில இருக்கிறது காரீயம். ரெண்டும் வேற வேற. பேர்ல மட்டும்தான் சொந்தம். நல்ல பாம்புக்கும் பேர்ல 'நல்ல' இருக்கு. அதுக்காக மடியில போட்டுக் கொஞ்சுவீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், கடைச் சீருடையோடு எழுந்து நின்றாள். கோபம் என் மேல்தான்.

"நீங்க பாட்டுக்கு மூடச் சொல்லிட்டுப் போயிடுவீங்க. என் பையனை நான் எங்க விடுறது? என் வேலை போனா நீங்களா சோறு போடுவீங்க?"

"மூடச் சொல்லலைம்மா. குழாயை மாத்தச் சொல்றேன். ஈயம் கலக்காத குழாய் கடையில கிடைக்குது. அதுவரைக்கும் வெளியிலிருந்து கேன் தண்ணி வரட்டும்."

"அதுக்கெல்லாம் டெண்டர் விடணும் மேடம்" என்றார் இயக்குநர். "வருஷம் ஆகும். அதுவரைக்கும் இதுதான்."

வருஷமாம். சான்றிதழையும், மாதிரி எடுக்கும் பையையும் கையில் எடுத்துக்கொண்டேன். சமையலறைக்குள் போனேன். வால்வை மூடினேன். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பால்மாவுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயில் மாட்டித் திருகினேன். கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"அரசாங்கச் சொத்து மேடம் அது!" இயக்குநர் கத்தினார். "வேலை போயிடும்!"

"எழுதிக்குங்க. கழட்டினது நான்தான்னு தெளிவா எழுதுங்க."

குழாய் கையோடு வந்தது. சான்றிதழை அவரிடமே நீட்டினேன்.

"குழாயே இல்லாத இடத்துக்குச் சான்றிதழ் எதுக்கு சார்?"

துணிக்கடைப் பெண் என் அருகே வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"என் பையன் திறந்த நாள்லேருந்து இதைத்தான் குடிச்சிருக்கான். உள்ள போனதை எடுத்துட முடியுமா?"

இத்தனை வருடப் படிப்பில் நான் வெறுக்கிற கேள்வி இது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரத்தத்தைப் பரிசோதிச்சுப் பாக்கணும்மா. ரொம்ப அதிகமா இருந்தா மருந்து இருக்கு. ஆனா மூளையைத் தொட்டிருந்தா, அதைத் திருப்ப முடியாது. இனிமே ஒரு சொட்டும் போகாம தடுக்கலாம். அது மட்டும்தான் நம்ம கையில இருக்கு."

அவள் அழவில்லை. கை கழுவும் இடத்தில் வரிசையாக இருந்த குழாய்களைப் பார்த்தாள். அவை குழந்தைகளுக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தன.

"அந்த ஸ்பேனரை இப்படிக் குடுங்க" என்றாள்.