சாக்குக்குள் வைத்த பச்சைக் குடம்

தண்ணி லாரி மூணு நாளைக்கு ஒருக்கா வந்த வருஷம் அது. முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டுக்குச் சாயப் பொட்டலத்தோடு திரும்பிய வேதமுத்து, பால்கனிச் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். பச்சைக் குடம் இல்லை.

குடத்தில் இருந்தது ஆசிட். தூண்டில் ரீல் ஒண்ணை அலுமினியத்தில் அவனே லேத்துல கடைஞ்சிருந்தான். பேட்டரிக் கடை ஆசிட்டைத் தண்ணியில் கலந்து, ரீலை அதில் தொங்கவிட்டு, சார்ஜரால் கரண்ட் கொடுத்தால் மேல்தோல் இறுகும். அப்புறம் ஏத்துற சாயம் லேசில் போகாது. ஆனடைசிங் என்பார்கள். ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடி ஃபேக்டரியில் பார்த்துக் கத்துக்கிட்ட வேலை. வெளியே தெரிஞ்சா எவனாவது ஹவுசிங் போர்டுக்கு மொட்டைக் கடுதாசி போடுவான் என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

"குடம் எங்கடீ?"

ஞானகுமாரி அரிசி புடைச்சுகினே சொன்னாள்: "மேல்மாடி ஹில்டா ஊட்ல பொண்ணுக்கு இன்னிக்கு சர்ச்சுல புதுநன்மை, அதுக்கு விருந்து. தண்ணி பத்தலன்னு வந்து நின்னுச்சு. நீ ஒளிச்சு வெச்சிருந்தியே, அத்தத் தூக்கிக் குடுத்தேன். ஊரே நாக்கு வறண்டு கெடக்குது, உனக்கு மட்டும் இன்னாய்யா தனிக் குடம்?"

ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறினான். எவளாவது ஒரு மடக்கு குடிச்சிருந்தால்? அந்தப் பொண்ணுக்கு எட்டு வயசு.

உள்ளே பந்தி உட்கார்ந்திருந்தது. இலைக்கு இலை டம்ளர் நிறைஞ்சிருந்தது.

"தண்ணியத் தொடாதீங்க! கீழ வையுங்க!"

ஹில்டாவின் தம்பி சத்தியராஜ் சிரித்தான். "பார்றா, ஒரு குடம் தண்ணிக்கு இப்படி ஓடியாராரு! யோவ் பெர்சு, லாரி வந்தா ரெண்டு குடமா தர்றோம், போய்யா." வீம்புக்கென்றே டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

வேதமுத்து பாய்ந்து தட்டிவிட்டான். பாதி சத்தியராஜின் கையில் கொட்டியது, பாதி விருந்துக்கென்று வெள்ளையடிச்ச சுவரில் அடிச்சுது. சுவர் புஸ்ஸென்று நுரைத்தது.

டம்ளரைக் கையில் எடுத்திருந்தவங்க கீழே வெச்சாங்க.

"ஆசிட்," என்றான் வேதமுத்து.

ஹில்டா மகளின் வாயைப் பிளந்து பார்த்தாள். "குடிச்சியா? சொல்லுடீ, குடிச்சியா?"

"இல்லம்மா. கலர் சோடாதான் குடிச்சேன்."

"நான் இப்பதான் எல்லாருக்கும் ஊத்துனேன், ஆண்டவரே..." ஹில்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கை எரியுதுடா! தண்ணி!" சத்தியராஜ் கத்தினான். அந்த வீட்டில் வேறே சொட்டுத் தண்ணி இல்லை. பின்னாலேயே வந்த ஞானகுமாரி இறங்கி ஓடி ஒரு சிவப்புக் குடத்தைச் சுமந்துகொண்டு வந்தாள். சத்தியராஜ் கையை நெஞ்சோடு அணைச்சுப் பின்வாங்கினான்.

"அந்த ஊட்டுத் தண்ணி வாணாம்!"

"நல்ல தண்ணிப்பா."

"அந்தாளு முதல்ல குடிக்கட்டும்."

வேதமுத்து சொம்பில் மொண்டான். ஆசிட் மொண்ட டப்பாவை எந்தக் குடத்துத் தண்ணியில் அலசினோம்? யோசிச்சுப் பார்த்தான், ஞாபகம் வரலை. பந்தியே அவன் தொண்டையைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினான்.

வெறும் தண்ணிதான். அதை அவன் சொன்னான். அப்புறமும் சத்தியராஜ் எரியுற கையை நீட்டவில்லை. கிழவன் விழுந்துடுறானா என்று பார்த்தபடியே நின்றான்.