வராத இரண்டு பேர்

கொறடா மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் தங்கை கடைசியில் எடுத்துவிட்டாள். மருத்துவமனையின் பின்வாசலில் கார் நின்றிருந்தது. சற்றுத் தள்ளி, சுவரில் திறந்திருந்த சிறிய ஜன்னலுக்கு முன்னால் அக்கா நின்று, உள்ளேயிருந்து நீட்டப்பட்ட காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமாவின் உடலைப் பெற்றுக்கொள்வதற்கான காகிதங்கள். அக்காவின் கணவர் விடிவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

கொறடா முதலில் துக்கம் விசாரித்தார். அந்தக் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேட்கவே நாக்கு கூசுதும்மா. ஆனா கேட்கறதுதானே என் பிழைப்பு. மதியம் அக்கா வருவாங்களா?"

வாக்கெடுப்பு நாளில் தன் கட்சிக்காரர்களை எண்ணிக் கொண்டுவந்து சட்டசபையில் உட்கார வைப்பது கொறடாவின் வேலை. அன்று வாக்கெடுப்புக்கு வந்ததோ அக்காவே எழுதிய மசோதா. தொற்று வார்டில் ஒருவர் இறக்கும் நிலையில் இருந்தால், வீட்டு மனிதர் ஒருவரைப் பாதுகாப்பு உடுப்பு மாட்டி உள்ளே விட வேண்டும் என்பது அதன் சாரம். அதை அவள் எழுதத் தொடங்கியபோது மாமாவுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. தன் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்குத் தழும்பை வைத்தே அவர்கள் கண்ணாடியை எப்படிக் கழற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மசோதா ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்த் திருத்தங்களோடு திரும்பி வருவதற்குள் அவர் வார்டுக்குள் போய்விட்டார். பழைய விதிதான் இன்னும் நடப்பில் இருந்தது. அக்கா உள்ளே போக முடியவில்லை.

தினமும் ஒரு செவிலி, கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவாள். இரண்டு அடுக்குக் கையுறை போட்டிருந்தால் கைப்பேசித் திரைக்கு விரல் இருப்பதே தெரியாது. அதனால் எதிர்முனையிலிருந்து அக்காதான் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். "கேமரா எப்பவும் என் மூக்கு ஓட்டையையேதான் காட்டுது. நீயும் சலிக்காம பார்க்கறே," என்று மாமா ஒருநாள் சொன்னார். அதன் பிறகு ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிப் பேசும் அளவுக்கு அவருக்கு மூச்சு இல்லை.

தகனக் கூடத்தில் கிடைத்திருந்த நேரமும் அதே மதியம். அந்த நாட்களில் உலை ஓய்வதே இல்லை. நேரத்தை மாற்றித் தரச் சொல்லி ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்டால் மாற்றித் தந்திருப்பார்கள். ஆனால் அது இன்னொரு வீட்டுக்காரரின் நேரமாக இருக்கும். அக்கா கேட்கவில்லை. அக்காவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கொறடாவுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தங்கை வைத்தாள்.

வைத்த கையோடு இன்னொரு அழைப்பு வந்தது. அக்காவின் கைப்பேசியும் அவளிடம்தான் இருந்தது. திரையில் 'இடி' என்று காட்டியது.

இடி எதிர்க்கட்சி உறுப்பினர். ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் அவருக்குக் கவலையில்லை என்பதால் வந்த பெயர். அக்கா பேச எழுந்தால் சபைக் கடிகாரமே கொட்டாவி விடுகிறது என்று அவர் சொல்வார். இவர் பேசி முடித்தால் கட்டடத்துக்குக் காது வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அக்கா சொல்வாள். இரண்டு தேர்தல் காலமாக இப்படித்தான். இன்று அந்தக் குரல் இவ்வளவு தாழ்ந்து ஒலிக்கும் என்று தங்கை நினைக்கவில்லை.

"மேடத்தை வர வேணாம்னு சொல்லுங்க. அவரை நல்லபடியா அனுப்பி வைக்கட்டும். நான் ஜோடி நிக்கறேன்."

ஜோடி என்பது சபையில் உள்ள ஒரு பழைய ஏற்பாடு. சாவு, பிரசவம், அறுவை சிகிச்சை என்று ஒருவரால் வர முடியாமல் போனால், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் தானும் வாக்களிக்காமல் வெளியே நிற்பார். இந்தப் பக்கம் ஒன்று குறைந்தால் அந்தப் பக்கமும் ஒன்று குறையும், தராசு சாயாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. வாய்ச்சொல்தான். வாய்ச்சொல் என்பதாலேயே யாரும் மீறியதில்லை. ஒருமுறை மீறினால் அந்த ஆளுக்கு அடுத்த முறை ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

தங்கை காரிலிருந்து இறங்கிப் போய்ச் சொன்னாள். அக்கா பேனாவை மூடாமல் நிமிர்ந்தாள்.

"இடியா சொன்னாரு?"

"ஆமாக்கா."

"சரின்னு சொல்லிடு."

கொறடாவும் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். இரு பக்கமும் ஒன்று கழிந்தாலும் தம் பக்கம் ஓர் ஓட்டு மிஞ்சும் என்று கணக்குச் சொன்னார். இடி எந்தப் பக்கம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கிழக்கு எந்தப் பக்கம் என்று யார் யோசிப்பார்கள்?

தகனக் கூடத்துக்குள் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. பணியாளர் தலை முதல் கால் வரை நீல உடுப்பில் இருந்தார். குரலை வைத்துத்தான் நடுவயது என்று தெரிந்தது. உலை வேலை செய்யும் விதத்தை அவர் அவசரமில்லாமல் விளக்கினார். உள்ளே செங்கல் ஏற்கெனவே சிவந்துதான் இருக்கிறது. கதவு அதிக நேரம் திறந்திருந்தால் சூடு இறங்கிவிடும். அதனால் கதவு மேலே ஏறியதும் தட்டு தண்டவாளத்தில் உள்ளே ஓடி, உடலை வைத்துவிட்டுத் தானே வெளியே வரும். பிறகு கதவு இறங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான்.

"அழுத்திட்டு விட்டுடாதீங்க. விட்டா அப்படியே நின்னுடும். யாரும் குறுக்கே போயிடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. கதவு முழுசா மூடற வரைக்கும் பிடிச்சிருக்கணும். உங்களால முடியலைன்னா நான் பண்றேன்."

அக்கா கையுறையைக் கழற்றலாமா என்று கேட்டாள். அவர் சரி என்று தலையசைத்தார். அவள் கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தாள்.

மூடிய பை. அதற்குள் மாமா இருக்கிறார் என்பதற்கு மேலே ஒட்டியிருந்த சீட்டுதான் சாட்சி. கதவு ஏறியது. தட்டு நகர்ந்தது. அப்போது தங்கையின் தோள்பையில் அக்காவின் கைப்பேசி அதிர்ந்தது. எட்டிப் பார்த்தாள். இடி. பக்கவாட்டு விசையை அமுக்கி அடக்கினாள். துக்கம் விசாரிப்பதைப் பிறகு விசாரிக்கட்டும். உடனே மறுபடி அதிர்ந்தது. மறுபடி அமுக்கினாள். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது இன்னொரு முறை. இந்த மனிதருக்கு இங்கிதமே கிடையாது என்று நினைத்து, கைப்பேசியை முழுவதுமாக அணைத்துவிட்டாள். கதவு இறங்கி, ரப்பர் விளிம்பு தரையில் பதிந்தது. அதன் பிறகும் அக்கா விரலை எடுக்கவில்லை. பணியாளர்தான், "போதும்மா," என்றார்.

காரில் ஏறிய பிறகு தங்கை அதை உயிர்ப்பித்தாள். கொறடாவின் செய்தி வந்து விழுந்தது. இரண்டு பக்கமும் சமமான ஓட்டு. சமமாக வந்தால் பேரவைத் தலைவர் தம் ஓட்டைப் போட வேண்டும். அப்போது அவர் இருக்கிற சட்டம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றுதான் போடுவார். அது அவருடைய விருப்பமல்ல, அந்த நாற்காலியின் மரபு. மசோதா தோற்றுவிட்டது. தோற்ற மசோதாவை அதே கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவர முடியாது. அடுத்த தொடர் வர அரை வருடம் ஆகும்.

அக்கா அதைப் படித்துவிட்டு, "ஒண்ணு மிஞ்சும்னாரே," என்றாள்.

இடி மறுபடி கூப்பிட்டார். அக்காவே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய தம்பி போன மாதம் வார்டில் யாரும் பக்கத்தில் இல்லாமல் போய்ச் சேர்ந்தது அக்காவுக்கும் தெரியும். இந்த ஒரு மசோதாவுக்கு மட்டும் கட்சியை மீறி அக்கா பக்கம் ஓட்டுப் போடுவது என்று அவர் அன்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கொறடாவின் கணக்கில் மிஞ்சிய அந்த ஓர் ஓட்டு, அக்கா கட்சியிலேயே ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கி, சபையில் உட்கார்ந்தும் ஓட்டுப் போடாமல் இருந்ததில் போய்விட்டிருந்தது. இவர் ஓட்டு அதை ஈடு கட்டியிருக்கும்.

"காலையில சேதி கேட்டதும் மசோதாவே ஞாபகத்துல இல்லைங்க. எதிர்ப்பக்கத்துல சாவு, நான் ஜோடி நிக்கணும், அவ்வளவுதான். பழக்கதோஷம். வெளியில தாழ்வாரத்துல வந்து நின்ன பிறகுதான் உறைச்சுது. நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம். ஒரே பக்கத்து ஆளுங்க ஜோடி நின்னா ரெண்டும் அங்கேயேதான் குறையும்."

சபையில் வாக்கெடுப்புக்கு முன்னால் மணி அடிப்பார்கள். அது நிற்கும்வரை யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த மணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் தாழ்வாரத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

"நீங்க 'போய்ப் போடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். உள்ளே போயிருப்பேன்."

"கேட்காமலே போட்டிருக்கலாமே."

"அது எப்படிங்க. சொல்லிட்டேனே."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கடைகள் மூடிய தெரு ஒன்று கடந்து போனது.

"இதை நீங்க வெளியில சொன்னாலும் சரிதான் மேடம். உங்க ஜனங்களுக்குத் தெரியட்டும். எங்க ஆளுங்க என்னைத் தூக்கி வெளியே போடுவாங்க, போட்டா போடட்டும்," என்றார் இடி. பிறகு மாமா கடையில் தான் வாங்கிய கண்ணாடியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, முடிக்காமல் வைத்துவிட்டார்.

அக்கா தவறிய அழைப்புகளைத் திறந்து பார்த்தாள். மூன்றும் வரிசையாக இருந்தன. நேரமும் இருந்தது. தங்கை சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். அக்கா கைப்பேசியைத் தன் பையில் போட்டு மூடிவிட்டு, "ஏசியைக் கொஞ்சம் குறைச்சுக்கறியா?" என்றாள்.

அன்று வாராந்தரப் பதிவுக்கான நாள். தொற்று தொடங்கியதிலிருந்து, வாரம் ஒருமுறை அக்கா கேமரா முன்னால் உட்கார்ந்து தொகுதி மக்களுக்கு நிலவரம் சொல்வாள். முதலில் நோய்க் கணக்கு, பிறகு சபையில் நடந்தவை, கடைசியில் மக்களின் கேள்விகள். இந்த வாரம் வேண்டாம் என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். அக்கா குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கணக்கைத் தங்கைதான் சேகரிப்பாள். மருத்துவர் கையெழுத்திட்ட சாவு, மருத்துவமனையிலிருந்து சுகாதார அலுவலகத்துக்குப் போய், நண்பகலில் அன்றைய கணக்கு மூடப்படும். நண்பகலுக்குப் பிறகு போகிறவர்கள் மறுநாள் கணக்கில் வருவார்கள். மாமா விடிவதற்கு முன்பே போனதால் அன்றைய கணக்கிலேயே இருந்தார்.

"தொகுதியில இன்னைக்கு நாலு பேர்க்கா. இந்த வரியை வேணும்னா விட்டுடலாம்."

"மத்த மூணு வீட்டுலயும் கேட்டுக்கிட்டு இருப்பாங்கடி. எழுது."

மசோதாவைப் பற்றி என்ன சொல்வது என்பதற்கு ஏற்கெனவே ஆலோசனை வந்திருந்தது. எதிர்க்கட்சி தோற்கடித்துவிட்டது என்று சொல்லச் சொன்னார் கொறடா. அதில் பொய் இல்லை, எதிர்த்துப் போட்டவர்கள் அவர்கள்தான். கணவரின் தகனத்தில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள் என்றும் சொல்லியிருந்தார். இடியைப் பற்றி அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர்.

"இடி சொன்னதைச் சொல்லிடேன்க்கா. அவரே சொல்லச் சொன்னாருல்ல. இல்லைன்னா பழி முழுக்க உன் மேலதான் வரும்."

அக்கா கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தாள். தங்கை முக்காலியில் கைப்பேசியைப் பொருத்தினாள். திருகை இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்ததை இன்னும் இறுக்கினாள்.

"அக்கா, அங்கே நான் மட்டும் போனை எடுத்திருந்தேன்னா..."

"லைட் கண்ணுல அடிக்குது. கொஞ்சம் தள்ளி வை."

தள்ளி வைத்தாள்.

அக்கா ஒரே மூச்சில் பேசினாள். புதிய தொற்று எத்தனை, காலிப் படுக்கை எத்தனை, ஆக்சிஜன் எப்போது வருகிறது. இறந்தவர்கள் நாலு பேர். அந்த எண்ணில் குரல் நிற்கவில்லை, அடுத்த வரிக்கு நகர்ந்தது. பிறகு மசோதாவைப் பற்றி, வழக்கம்போலப் பொறுமையாக விளக்கினாள்.

"ரெண்டு பக்கமும் சமமா ஓட்டு விழுந்துது. சமமா வந்தா பழைய சட்டமே நிக்கும். அதனால இன்னும் கொஞ்ச மாசத்துக்கு வார்டுக்குள்ள உங்களை விட மாட்டாங்க. ஒரே ஒரு ஓட்டு கூடுதலா இருந்திருந்தா விட்டிருப்பாங்க. இன்னைக்கு ரெண்டு பேர் ஓட்டுப் போடவே வரலை. அதுல ஒருத்தர் நான். இதுக்குப் பொறுப்பு நான்தான். அடுத்த தொடர்ல மறுபடி கொண்டு வரேன்."

அதன் பிறகு குடிநீர் வராத ஒரு தெருவைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னாள். முடிந்தது என்று கையைக் காட்டினாள். தங்கை பதிவை வலையில் ஏற்றினாள்.

தொகுதியில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்த காலம். ஜன்னல்கள் திறந்திருந்தன. சற்று நேரத்தில் மாடி வீட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. கொஞ்சம் பின்தங்கி, எதிர் வீட்டிலிருந்தும். மாடியில் 'நாலு பேர்' என்றது. அக்கா சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டில் 'நாலு பேர்' என்றது. மாடிக் குரல் மசோதாவைத் தாண்டிக் குடிநீருக்குப் போயிற்று. எதிர் வீட்டுக் குரல் 'அதுல ஒருத்தர் நான்' என்ற இடத்தில் நின்றது. யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

தங்கை துடைக்கும் துணியோடு நின்றாள். எதிர் வீட்டில் பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, அந்த இடத்தை மறுபடி ஓட விட்டார்கள். அக்கா குழாயை மூடினாள்.