புள்ளி இல்லாத கட்டம்

மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். மகாதேவன் பிரசவ வார்டில் டூட்டி ஷீட் போட்டதில்லை. போட்டிருந்தால், மழை எப்படியோ, பிள்ளைகள் செப்டம்பரில்தான் கூட்டமாக வந்து விழும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த வருடம் தலைமை நர்ஸ் ஆனவளுக்கு அது நன்றாகவே தெரியும். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு பெரிய அட்டையில் வருடத்தின் அத்தனை நாளுக்கும் கட்டம் போட்டு வைத்தாள். தன் கையால் எடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு புள்ளி. பதினோரு வருடப் புள்ளிகள் சேர்ந்து செப்டம்பர் இரண்டாம் பாதி கரி பூசியதுபோல் கிடந்தது. காரணம் ஒன்றும் தேவரகசியம் இல்லை. வருடக் கடைசி விடுமுறையில் குளிருக்கு ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும். விரல் விட்டு எண்ணினால் செப்டம்பரில் வந்து நிற்கும்.

அதனால் அந்த வார்டில் ஒரு பழைய சட்டம் இருந்தது. செப்டம்பர் பதினைந்து முதல் முப்பது வரை ஒரு நாளைக்கு ஒருத்திக்குத்தான் விடுப்பு. அவளுடைய சொந்த மகள் பிறந்ததும் பத்தொன்பதாம் தேதிதான். முதல் பிறந்தநாளிலிருந்து ஒன்பதாவது வரை அம்மா ஊரார் பிள்ளைகளைத்தான் வரவேற்றுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் வீடு திரும்பும்போது பலூன் சுருங்கியிருக்கும், பிள்ளை தூங்கியிருக்கும்.

இந்த வருடம் பழைய தலைமை நர்ஸ் ஓய்வு பெற்றுப் போக, டூட்டி ஷீட் போடும் பேனா இவள் கைக்கு வந்தது. வந்ததும் வராததுமாக மகளிடம் சொல்லிவிட்டாள்.

"பத்தாவது பொறந்தநாளுக்கு அம்மா வீட்டுலதான் இருப்பேன். ஷீட் போடறதே நான்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பத்தொன்பதாம் தேதி விடுப்புக்கு முதல் ஆளாகத் தன் பேரை எழுதினாள். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்புறம் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் பிரித்தாள். மகன் பிறந்தநாள், பதினாறு. மகள் பிறந்தநாள், பதினெட்டு. இரட்டைப் பிள்ளைகள், இருபத்தொன்று. பதினோரு நர்சுகளில் ஏழு பேருக்கு அதே வாரம்தான்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வார்டு ஆள் இல்லாமல் ஈ ஓட்டும் காலம் வருடக் கடைசியும் ஜனவரி முதல் பாதியும். நர்சுகளுக்கு மொத்தமாக விடுப்புக் கிடைப்பதும் அப்போதுதான். வருடம் முழுக்கப் புருஷன் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள் அந்த மூன்று வாரம் பார்த்திருக்கிறார்கள். இவளும்தான் பார்த்திருக்கிறாள். ஊரில் எல்லாருக்கும் கணக்குச் சொல்லும் கூட்டம் தன் கணக்கில் மட்டும் கோட்டை விட்டிருந்தது.

கடைசி விண்ணப்பம் குச்சியுடையது. ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெண்ணுக்கு வார்டில் அந்தப் பெயர். அவள் மகனுக்கு முதல் பிறந்தநாள். தேதி, பத்தொன்பது.

"நீங்க எடுத்துட்டீங்கன்னா பரவால்ல சிஸ்டர்," என்றாள் குச்சி. "சும்மா எழுதிப் பார்த்தேன்."

பரவாயில்லை என்ற முகமா அது? சண்டை போட்டிருந்தால் இவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஷீட்டை முடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் மேஜைமேல் விரித்தபோது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கறுத்துப்போன கட்டத்தைத் தடவினாள்.

"இதுல நான் எதும்மா?"

"அதுல எங்கயாவது இருப்ப," என்றாள் வாய்க்கு வந்தபடி. சொன்ன பிறகுதான் உறைத்தது. தன் கையால் எடுத்த குழந்தைகளுக்குத்தானே புள்ளி? மகள் பிறந்த அன்றைக்கு அவளே பிரசவக் கட்டிலில் கிடந்தாள். அந்தக் கரிக் கட்டத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இருந்தன, அவள் பிள்ளை இல்லை.

மகள் அதற்குள் ஷீட்டை எட்டிப் பார்த்தாள். குச்சியின் விண்ணப்பத்தையும் படித்துவிட்டாள். பத்து வயதை நெருங்கும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வேண்டிய அவசியமில்லை.

"அந்தக் குட்டிப் பையனுக்கு முதல் பொறந்தநாளாம்மா?"

"ம்."

மகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜனவரி ஒன்பதில் விரலை வைத்தாள். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. அது இவள் வருடா வருடம் விடுப்பில் இருக்கும் நாள்.

"அப்ப எனக்கு இங்க வெச்சுக்கலாம். அன்னைக்கு யாரும் பொறக்க மாட்டாங்க. நீ வீட்டுல இருப்ப."

சத்தியம் செய்த தாய் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியாது, பத்தொன்பதுதான் உன் நாள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. தோள்பட்டையிலிருந்து மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அடுத்த கணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் தன் பேரை அடித்துவிட்டுக் குச்சியின் பேரை எழுதினாள்.

பத்தொன்பதாம் தேதி பதினான்கு குழந்தைகள் பிறந்தன.

ஜனவரி வந்தது. தலைமை நர்ஸ் ஆனவளுக்கு மூன்று வாரம் எங்கே கிடைக்கும்? மற்றவர்களை முறைபோட்டு விடுப்பில் அனுப்பிவிட்டு, எட்டாம் தேதி காய்ச்சலில் படுத்த இருவருக்கும் சேர்த்துப் பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு, ஒன்பதாம் தேதி ஒரே ஒரு நாள் வீட்டில் இருந்தாள். விடியும் முன் எழுந்து கேக்குக்கு மாவு கலந்தாள். வீடு துடைத்தாள். மகளுக்குத் தலை பின்னிவிட்டாள், பத்து வருடத்துக்கும் சேர்த்து இறுக்கமாக. சாயங்காலம் நான்கு மணிக்குக் கேக்கை மேஜையில் வைத்தபோது, மெழுகுவர்த்தி வாங்க மறந்தது கணவனுக்கு ஞாபகம் வந்தது.

"மறக்கறதுக்குன்னே பொறந்திருக்கீங்க. ஓடிப் போயிட்டு வாங்க," என்று விரட்டினாள். "அதுவரைக்கும் அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கறேன்."

கண் திறந்தபோது ஜன்னல் இருட்டியிருந்தது. தோளில் ஒரு போர்வை. மேஜையில் பாதிக் கேக்கும், உருகிக் குட்டையான பத்து மெழுகுவர்த்திகளும். அவள் முன்னால் ஒரு தட்டில் ஒரு துண்டு, காயாமல் இருக்க இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. மணி எட்டு.

மகள் எதிரே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஏண்டி எழுப்பல?" என்றாள். "பத்தாவதையும் தொலைச்சுட்டேனே. ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?"

"அப்பா எழுப்பத்தான் வந்தாரு. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். சுவரில் அட்டை பழைய இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி ஒன்பதின் வெள்ளைக் கட்டத்தில் புதிதாக ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"சத்தமில்லாம பாடினோம்," என்றாள். "பரவால்லம்மா. நீ இங்கதானே இருந்த."