கல்யாண வீட்டுக் கழுவுநீர்

சாத்தனேரியின் அழுக்குத் தண்ணீர் வெளிநாடு போய்த்தான் சுத்தமாகி வரும். உள்ளூரில் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. அதனால் குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, எந்த நாடு சேர்த்துக்கொள்கிறதோ அங்கே முழுகிவிட்டுத் திரும்பும்.

வடிவாம்பாளின் மகளுக்குக் கல்யாணம். காலைப் பலகாரப் பந்தி முடிந்ததும் கை கழுவிய தண்ணீரும் அண்டா கழுவிய தண்ணீரும் மண்டப வாசலில் முழங்கால் அளவு நின்றன. மாப்பிள்ளையின் தாய்மாமன் நமச்சிவாயம் சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஊர்க்காரர். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது நகராமல் தாலி ஏறாது என்று சொல்லிவிட்டார்.

பதறிப்போன வடிவாம்பாள் தண்ணீரைப் பார்த்து, "போய்த் தொலையேன்" என்றுவிட்டாள்.

கல்யாண வீட்டில் யாரையாவது அப்படிச் சொல்வார்களா? தண்ணீர் முகம் சுண்டிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சமையல்காரர் சமாதானம் பேசினார். நாதஸ்வரக்காரரும் பேசிப் பார்த்தார். அசைவதாயில்லை. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

வடிவாம்பாள் தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, சந்தனம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். "கோவிச்சுக்காதப்பா, வாய் தவறிடுச்சு. போயிட்டு வா. நீ வந்தப்புறந்தான் தாலி."

தண்ணீர் சந்தனத்தைப் பூசிக்கொண்டு கிளம்பியது. முதல் நாட்டில், குழாய் இணைப்புள்ள வீட்டுத் தண்ணீருக்குத்தான் கதவு திறக்கும் என்றார்கள். அடுத்த நாட்டில் தலைநகரத்துத் தண்ணீருக்கு மட்டும். மூன்றாவது நாட்டிலோ வாசல் அகலத் திறந்து கிடந்தது. எவர் வீட்டுத் தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நன்றாக முழுகச் சொல்லி, துவட்டிக்கொள்ளத் துண்டும் கொடுத்தார்கள்.

கெட்டிமேளம் கொட்டுமுன் தெருமுனையில் சலசலப்பு. கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது தண்ணீர். நாதஸ்வரம் எதிர்கொண்டு போயிற்று. ஊரே எழுந்து நின்றது. வடிவாம்பாள் ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்து வந்தாள். தாலி ஏறியது.

நமச்சிவாயம் அதில் ஒரு செம்பு மொண்டு குடித்துவிட்டு அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சம்பந்தியம்மா, எங்க ஊர்த் தண்ணியையும் நீங்களே ஒரு தரம் வழியனுப்பி வைங்களேன். எங்களுது நிலையத்துக்குள்ள போனா போனதுதான், திரும்பினதே இல்ல."

"அதுக்கென்ன, வர்ற வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம்" என்றாள் வடிவாம்பாள், தலையை நிமிர்த்தி.

நம் தண்ணீர் வளர்ந்த விதம் அப்படி. திரும்பும்போது துண்டு கொடுத்த நாட்டின் ஆற்றிடமும் கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தது. மத்தியானப் பந்திக்கு ஆறு வந்துவிட்டது, கரைகளை வீட்டில் விட்டுவிட்டு. வடிவாம்பாளே இலை போட்டாள். இரண்டாம் தடவை ரசம் வந்தபோது ஆறு கையைக் குவித்து நீட்டியது.