கவிச்சி வாடை

பிரிடின் பாட்டிலைத் திறந்தாலே ஆய்வுக்கூடத்தில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அழுகின மீனும் பட்டைச் சாராயமும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்தாயா என்று அம்பிகாவை யாராவது ஒருத்தர் தவறாமல் கேட்பார். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண் சென்னையில் எம்.எஸ்சி. கரிம வேதியியல் படிக்க வந்தால் இதையெல்லாம் கேட்டுத்தான் தீர வேண்டும் போலிருக்கிறது. அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் கைகோத்து நிற்கிற அந்த வளையம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதன் எந்த மூலையில் எதைக் கொண்டுபோய் ஒட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் சாப்பாடு மறந்துவிடும்.

ஒருநாள் பேராசிரியர், தொழிற்சாலை ஸ்பிரிட்டை யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக அதில் பிரிடின் கலப்பதுண்டு என்றார். குடிக்கிறவன் அதையும் குடிப்பான் என்று சொல்லி அவரே சிரித்தார். வகுப்பும் சிரித்தது. அம்பிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பா நீலமேகம் ஒரு காலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் குடித்தவர்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றுதான் அவர் எல்லையம்மன் கோயில் வாசலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். குப்பத்தில் அது விளையாட்டுக் காரியமில்லை. சூடத்தை மீறினவன் வலையில் இறால் ஏறாது என்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவர் சுத்தமாக இருந்தார். தனி ஆளாகச் சின்னப் படகில் மீன் பிடிக்க ஏரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அம்மா லோகநாயகி முகத்தில் சதை பிடித்தது.

பிறகு அவருக்குக் கண் மஞ்சளானது. சோறு இறங்கவில்லை. வயிறு வீங்கியது. அவர் பக்கத்தில் வந்தாலே ஸ்பிரிட் வாடை அடிக்கிறது என்று அம்மா போனில் அழுதாள். அம்பிகா ஊருக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவர் மூச்சில் பிரிடின் இருந்தது. அவள் மூக்குக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தினமும் முகர்கிற வாடையாயிற்றே. பிரிடின் என்றால் ஸ்பிரிட், ஸ்பிரிட் என்றால் குடி. கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது. படித்தவள் சொல்லிவிட்டாள், அதற்கு மேல் குப்பத்தில் யார் விசாரிக்கப் போகிறார்கள்?

பெரியாஸ்பத்திரியில், இவர் குடிப்பாரா என்று டாக்டர் கேட்டார். அம்மாவும் மகளும் ஆமாம் என்றார்கள். கல்லீரல் போய்விட்டது என்றார் அவர். கட்டிலில் கிடந்த நீலமேகம் மகளின் கையைப் பிடித்தார்.

"நான் தொடலம்மா. சூடத்து மேல சொன்ன சொல்லு."

அம்பிகா கையை உருவிக்கொண்டாள். ஆத்திரமாக வந்தது. சாகிற நேரத்தில்கூடப் பொய்யா என்று நினைத்தாள். மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

கருமாதிக்குக் குப்பமே கூடியது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைப்பது வழக்கம். மடவை வறுவல், நண்டுக் குழம்பு, பீடிக் கட்டு எல்லாம் வாழையிலையில் இருந்தன. அம்மா கடைசியாக ஒரு குவார்ட்டர் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தாள். உயிரைக் கொடுத்துக் குடித்தாரே, அங்கேயாவது திட்டு வாங்காமல் குடிக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பிறகு, அவருடைய துடுப்பையும் படையலுக்குப் பக்கத்தில் சாத்தி வைக்க வேண்டும், படகிலிருந்து எடுத்துவா என்று மகளை அனுப்பினாள்.

படகு கரையில் ஏற்றிக் கிடந்தது. அவர் படுத்ததிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. துடுப்புக்குப் பக்கத்தில், அவர் குடிதண்ணீர் கொண்டுபோகும் நீலக் கேன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனவள், அடியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதே, கொட்டிவிடலாம் என்று மூடியைத் திறந்தாள்.

ஆய்வுக்கூடம் முகத்தில் வந்து மோதியது.

அம்பிகா மூடியை இறுக்கி மூடினாள். அந்தக் கேன் வந்த கதை அவளுக்குத் தெரியும். பழைய பிளாஸ்டிக் விற்கிற தனசேகர் போன தை மாதம் மினி லாரியில் கொண்டுவந்தது. ரசாயனக் கம்பெனிக் கேன்களை வாங்கினால் குப்பத்துப் பெண்கள் சோடா போட்டுத் தேய்த்து, நாள் கணக்கில் வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் தண்ணீர் பிடிப்பார்கள். இந்தத் தடவை அம்மா குவியலில் ஒவ்வொரு கேனாக மோந்து பார்த்திருக்கிறாள். மருந்து வாடை வந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, மீன் கவிச்சி அடித்ததைப் பொறுக்கியிருக்கிறாள். நம்மைப் போல யாரோ படகில் வைத்திருந்த கேன், பயமில்லை என்று சும்மா அலசி எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக்கில் ஊறிப்போன பிரிடின் அலசினால் போகாது. அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து வீட்டுப் பெண்கள் அதே கவிச்சிக் கேன்களாகப் பார்த்து வாங்கினார்கள். தண்ணீர் கசக்கிறது என்று அப்பா சொன்னபோது, குடித்துக் குடித்து நாக்கு செத்துவிட்டது என்று அம்மா அவர் வாயை அடைத்திருந்தாள்.

சொன்னால் அப்பாவின் சத்தியம் நிலைக்கும். சொன்னால் அம்மா என்ன ஆவாள்? சொல்லாமல் விழுங்கிவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அந்த மற்ற கேன்களில் இன்றைக்குக் காலையிலும் யார் யாரோ தண்ணீர் பிடித்திருப்பார்கள். அவள் துடுப்பை மறந்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

படையலுக்கு முன்னால் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னாள். இது மீன் வாடை இல்லை, நான் படிக்கிற இடத்தில் இருக்கிற விஷத்தின் வாடை, கல்லீரலைத் தின்கிற சாமான் என்றாள். தனசேகரிடம் இதே கவிச்சிக் கேன் வாங்கியவர்கள் இப்போதே போய்க் கொட்டுங்கள் என்றாள். பெண்கள் சிலர் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

லோகநாயகி அசையவில்லை.

"அப்ப அவரு குடிக்கலையா?"

"இல்லம்மா. தண்ணிதான் குடிச்சாரு."

அம்மாவின் முகம் தெளிந்தது. இத்தனை நாளில் அம்பிகா பார்க்காத தெளிவு. அவள் குனிந்து படையலிலிருந்த குவார்ட்டரை எடுத்து வாசலுக்கு வெளியே வீசினாள். கூடி நின்றவர்களைப் பார்த்து, என் வீட்டுக்காரர் சூடத்தை மீறவில்லை, எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று உரக்கச் சொன்னாள். இரண்டாவது முறையும் சொல்ல வாயெடுத்தவளின் பார்வை மகள் கையிலிருந்த கேனில் போய் நின்றது.

அம்பிகா அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். முப்பத்தைந்து லிட்டர் கேனை எங்கே மறைப்பது?

"நாந்தானடி மோந்து பாத்து வாங்கியாந்தேன்" என்றாள் லோகநாயகி.