மந்திரித்த கொத்து தீர்ந்த பிறகு

குருத்தோலை ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் தம்பி கோர்பினியான், அவன் மகன் சாவர், மருமகள் வெரோனி, நான். வேறு யாரும் இல்லை.

உருளைக்கிழங்கு உருண்டையை எடுக்கக் கோர்பினியான் கை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கருநீலமாகக் கன்றிப் போயிருந்தது.

"என்ன மாமா இது? எங்க விழுந்தீங்க?" என்றாள் வெரோனி.

"எங்கயும் விழல. மாடு இடிச்சிருக்கும்."

"மாட்ட வித்து நாலு வருஷமாச்சு," என்றான் சாவர். "வித்த மாடு தேடி வந்து இடிச்சிட்டுப் போச்சாப்பா?"

அவன் சிரிக்கவில்லை. கோர்பினியானின் மறு கையிலும் கன்றல் இருந்தது. கழுத்தோரத்தில் புதிதாக ஒன்று.

"கிளம்புங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"உக்காரும்மா! இதப் பாத்தா டாக்டர் என்ன நெனப்பான்? பெத்த மகன் அடிக்கிறான்னுதான? நம்ம வீட்டு வாசல்ல போலீஸ் வந்து நிக்கணுமா? அண்ணே, நீங்க சொல்லுங்க."

நானும் அவன் பக்கமே பேசினேன். வெரோனி தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

அவனுக்கு இதயத் துடிப்பில் கோளாறு. ரத்தம் உறையாமலிருக்க நெடுநாளாக மாத்திரை சாப்பிட்டு வந்தான். போன இலையுதிர் காலத்தில் மனைவி அப்போலோனியா இறந்ததும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. அதற்கு முன் ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருநாளில், அவள் கோயிலில் மந்திரித்து வாங்கிய மூலிகைக் கொத்து அடுப்படியில் தொங்கியது. அதிலிருந்த மஞ்சள் நிற யோவான் பூவைக் கிள்ளித் தினமும் மாலையில் கஷாயமாகக் குடித்தான். மனபாரத்துக்கு எங்கள் பக்கம் எல்லோரும் குடிப்பதுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, பரிசோதித்தபோதெல்லாம் மாத்திரை போதவில்லை என்றது ரத்தம். டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்கவும் செய்தார். இல்லை என்றான். பொய் சொல்லவில்லை. கோயிலில் மந்திரித்ததை எங்கள் ஊரில் யாரும் மருந்தோடு சேர்ப்பதில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு ஐந்தாறு வாரம் முன்பு, தவக்காலம் தொடங்கியபோது பூ தீர்ந்தது. கஷாயம் நின்றது. மாத்திரை அதே அளவில் தொடர்ந்தது. அடுத்த பரிசோதனைக்கு, கன்றிய கைகளை மறைத்துக்கொண்டு, அவன் போகவே இல்லை.

அந்த மதியச் சாப்பாட்டுக்கு நாலு நாள் கழித்து, பெரிய வியாழன் காலை அவன் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் நிற்கவில்லை. தலை வலிக்கிறது என்றான். பிறகு பேச்சு குழறியது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில் வெரோனிதான் பூவைப் பற்றிச் சொன்னாள். அவர் மாத்திரைச் சீட்டை எடுத்து அளவைப் பார்த்தார்.

"அந்தப் பூ மாத்திரைய வேலை செய்ய விடலம்மா. அது தெரியாம மாத்திரையக் கூட்டிட்டாங்க. பூவ நிறுத்தினதும் கூட்டினது மொத்தமும் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. மூளைக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிருக்கு."

மறுநாள் அவன் இறந்தான்.

உடம்பிலிருந்த கன்றலைப் பார்த்துவிட்டு, சொத்துக்காகச் சாவர் தகப்பனை அடித்தான் என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். சாவர் அடிக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் என் தம்பிமேல் கை வைத்ததில்லை.